கார்டினலைத் தேடுகிறவர்கள் சிவப்பைத் தேட வேண்டாம்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: சென்னையிலிருந்து நியூஜெர்சி எடிசன் பக்கம் குடிவந்து ஒரு குளிர்காலம் முடியப்போகிறது, ஆபீஸில் ஆளுக்கு ஆள் "எங்கள் பேக்யார்டில் கார்டினல் வருகிறது" என்று ஒரு சிவப்புக் கொண்டைப் பறவையைப் பற்றிச் சொல்கிறார்கள், எனக்கு மட்டும் கண்ணில் படவே இல்லை. பறவைகளுக்கு விதை வைக்கும் ஃபீடர் வாங்கி மாட்டினேன், தலையும் மார்பும் சிவந்த ஒரு குருவி வந்தது, அதுதான் கார்டினலா? இல்லையென்றால் எங்கே போய்ப் பார்ப்பது, வீட்டுக்கு வரவைக்க என்ன செய்வது?

முதலில் அந்தக் குருவி. அது கார்டினல் இல்லை, ஹவுஸ் ஃபின்ச். தலையும் மார்பும் மட்டும் சிவந்து, முதுகும் இறக்கையும் பழுப்பாக, வயிற்றில் பழுப்புக் கோடுகளோடு, கையடக்கமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் மேற்குப் பகுதி. கூண்டுப் பறவையாகச் சட்டவிரோதமாக விற்கக் கொண்டுவந்தவர்கள், பிடிபடுவோம் என்று பயந்து 1940 வாக்கில் நியூயார்க்கில் திறந்துவிட்டார்கள், அதன் வாரிசுகள்தான் இன்று கிழக்குக் கரை முழுக்க ஃபீடர்களில் உட்கார்ந்திருக்கின்றன. பார்க்க வேண்டிய பறவைதான், ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல.

நீங்கள் இருக்கும் இடத்தில் கார்டினல் அரிதே இல்லை. அது வலசை போகாத பறவை, பனி கொட்டும் ஜனவரியிலும் அங்கேயேதான் இருக்கும், எடிசன் மாதிரி மரமும் வேலியும் உள்ள புறநகர்த் தெருக்களில் பெரும்பாலும் ஏதாவது ஒரு ஜோடி குடியிருக்கும். பிறகு ஏன் கண்ணில் படவில்லை என்றால், பெரும்பாலானவர்களைப் போல நீங்களும் ஒரு சிவப்புப் பொட்டைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் வெயில் ஏறிய பிறகு, மரத்து உச்சியில். அது அப்படி வாழும் பறவை இல்லை. நான் யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் முதலில் சொல்வது, நிறத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள், உருவத்தையும் அலகையும் குரலையும் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

உருவம் எப்படி என்றால், நம் ஊர்ச் சின்னானை, அதாவது கொண்டைக்குருவியை, நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அந்த அளவுதான், 21 முதல் 23 சென்டிமீட்டர் நீளம், எடை 45 கிராம் பக்கம். ஆனால் கொண்டை இன்னும் கூராக நிற்கும், வால் நீளம், உட்காரும்போது கொஞ்சம் கூன் போட்டு வாலை நேராகக் கீழே தொங்கவிட்டு உட்காரும். கொண்டையை மட்டும் நம்பாதீர்கள், அது எப்போதும் நிமிர்ந்தே இருக்காது. நிம்மதியாக இருக்கும்போது படுத்துவிடும், பதற்றம் வந்தால் எழும்பும். அலகுதான் மாறாதது. கனத்த, குட்டையான, கூம்பு வடிவ அலகு, வளர்ந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் பவளச் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். சூரியகாந்தி விதையின் ஓட்டை நொறுக்குவதற்கென்றே அமைந்த அலகு. தூரத்திலிருந்து நிறமே தெரியாத மங்கல் வெளிச்சத்தில்கூட அந்தக் கனத்த அலகும் கொண்டையும் நீண்ட வாலும் சேர்ந்த நிழலுருவம் ஒன்றே போதும்.

ஆணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடல் முழுக்கச் சிவப்பு, அலகைச் சுற்றிக் கறுப்பு முகமூடி, முதுகில் மட்டும் கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறைதான் இறகு உதிர்த்து மாற்றும் என்பதால் குளிர்காலத்திலும் அந்தச் சிவப்பு மங்குவதில்லை. அந்தச் சிவப்பு சாப்பாட்டிலிருந்து வருவது. பழங்களிலும் விதைகளிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளை உடல் மாற்றி இறகில் சேர்க்கிறது. அந்த மாற்றும் வேலையில் மரபணுக் கோளாறு வந்தால் பறவை மஞ்சளாகிவிடும். 2018இல் அலபாமாவில் ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு வந்த மஞ்சள் கார்டினலின் படம் செய்தியாகப் பரவியது நினைவிருக்கலாம். அதைவிட விசித்திரம், உடலின் ஒரு பாதி ஆண் சிவப்பு, மறு பாதி பெண் பழுப்பு என்று நடுவே கோடு போட்ட மாதிரி பிரிந்து நிற்கும் பறவை; 2019இல் பென்சில்வேனியாவின் ஈரி ஊரில் அப்படி ஒன்றைப் படம் எடுத்தார்கள். இதெல்லாம் உங்கள் கண்ணில் படும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பெண்ணைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள், எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. மணல் பழுப்பு உடல், கொண்டையிலும் இறக்கையிலும் வாலிலும் மட்டும் சிவப்பு, முகத்தில் கரும்பழுப்புச் சாயல், அதன் நடுவில் அந்தப் பளிச்சென்ற ஆரஞ்சு அலகு. ஆணைவிட அழகு என்றே நான் சொல்வேன். "ஏதோ பழுப்புக் குருவி" என்று நீங்கள் கடந்துபோனவற்றில் இது ஒன்றிரண்டு இருந்திருக்கும். பெண்ணைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டால் ஆணை நீங்கள் தேடவே வேண்டாம், சில அடி தள்ளி அதே புதருக்குள் இருக்கும், வருடம் முழுக்கப் பெரும்பாலும் ஜோடியாகவே திரிகின்றன. கோடையில் மூன்றாவதாக ஒரு வேடமும் உண்டு: அந்த ஆண்டுப் பிறந்த குஞ்சு, பெண்ணைப் போலவே பழுப்பு, ஆனால் அலகு கறுப்பு அல்லது கருஞ்சாம்பல். ஜூலையில் கறுப்பு அலகோடு ஒரு கொண்டைப் பறவை வேலிமேல் உட்கார்ந்து இறக்கையைப் படபடவென்று நடுக்கிக் கெஞ்சினால் அது குஞ்சுதான், அப்பாவோ அம்மாவோ வாயில் எதையோ கவ்விக்கொண்டு வரும், காத்திருந்து பாருங்கள்.

குழப்பும் பறவைகள் உங்கள் பகுதியில் கொஞ்சம்தான். மே மாதம் தெற்கிலிருந்து வந்து இறங்கும் ஸ்கார்லெட் டானஜர் ஆண் நெருப்புச் சிவப்பு, ஆனால் இறக்கையும் வாலும் கன்னங்கரேல், கொண்டை கிடையாது, பெரிய ஓக் மரங்களின் உச்சி இலைகளுக்குள் இருக்கும். நியூஜெர்சியின் தெற்குப் பக்கம் போனால் சம்மர் டானஜர் கிடைக்கும், அது முழுச் சிவப்பு, அதனால்தான் ஏமாற்றும். கொண்டை இல்லை, முகமூடி இல்லை, அலகு வெளிறிய நிறம், குளிர்காலத்தில் அங்கே இருக்காது. பெண் கார்டினலோடு குழம்புவது சீடர் வாக்ஸ்விங்: கொண்டை, பழுப்பு உடல், முகமூடி எல்லாம் இருக்கும், ஆனால் அலகு சின்னது, வால் நுனியில் மஞ்சள் பட்டை, கூட்டமாகப் பழ மரத்துக்கு வரும். சாம்பல் நிறத்தில் கொண்டையோடு ஃபீடருக்கு வந்து ஒரு விதையைக் கவ்விக்கொண்டு ஓடுவது டஃப்டட் டிட்மவுஸ்.

இப்போது காது. இதுதான் உண்மையான குறுக்குவழி. நான் பார்க்கும் கார்டினல்களில் பெரும்பங்கு முதலில் காதில் விழுந்து அப்புறம்தான் கண்ணுக்கு வருகிறது. இரண்டு ஒலிகள் போதும். ஒன்று பாட்டு: தெளிவான, வழுக்கிக்கொண்டு இறங்கும் சீட்டி, "ச்சீயூ... ச்சீயூ... ச்சீயூ" என்று நிதானமாகத் தொடங்கி, "பிர்டி-பிர்டி-பிர்டி-பிர்டி" என்று வேகம் பிடிக்கும். ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கத்திலேயே, நாள் கொஞ்சம் நீளத் தொடங்கியதும் பாட ஆரம்பித்துவிடும். மற்ற பறவைகள் பெரும்பாலும் வாய் திறக்காத நேரம் அது, அதனால் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பருவம் இல்லை. பாடும்போது ஆண் பெரும்பாலும் உயரமான கிளைக்கு ஏறும், எனவே பாட்டு கேட்டால் தைரியமாக மேலே பாருங்கள். ஒவ்வொரு பறவைக்கும் பல பாட்டுகள் உண்டு, ஒன்றையே சில தடவை பாடி அப்புறம் அடுத்ததற்கு மாறும், பக்கத்து எல்லைக்காரனும் அதே பாட்டைத் திருப்பிப் பாடுவான். காலையில் தெருவின் இரண்டு முனையிலிருந்தும் ஒரே சீட்டி மாறி மாறி வந்தால் அது இதுதான். பெண்ணும் பாடும். வட அமெரிக்கப் பாடும் பறவைகளில் பெண் இவ்வளவு நன்றாகப் பாடுவது குறைவு. சில சமயம் கூட்டில் உட்கார்ந்தபடியே பாடும், இரை கொண்டு வா, வராதே என்று ஆணுக்குச் சொல்லும் செய்தி அதில் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இரண்டாவது ஒலி அதைவிடப் பயனுள்ளது: உலோகத்தில் தட்டினது போல ஒரு கூர்மையான "ச்சிப்". சின்ன ஒலி, ஆனால் கணீரென்று இருக்கும். எச்சரிக்கைக்கும், துணையோடு தொடர்பில் இருக்கவும் இதைத்தான் பயன்படுத்தும், வருடம் முழுக்கக் கேட்கும். சாயங்காலம் இருட்டும் நேரத்தில் புதருக்குள்ளிருந்து விட்டுவிட்டு "ச்சிப், ச்சிப்" வந்தால் அசையாமல் நின்றுவிடுங்கள், கொஞ்ச நேரத்தில் வெளியே வரும்.

கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி இலவசம், போனில் போட்டுக்கொண்டு ஒலி அறியும் பகுதியைத் திறந்தால் சுற்றிக் கேட்கும் பறவைகளின் பெயர் வந்துகொண்டே இருக்கும். ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். உங்கள் பகுதியில் மாக்கிங்பேர்ட் நிறைய, அது கார்டினலின் பாட்டை அப்படியே திருடிப் பாடும். ஒரு சீட்டியை நாலைந்து தடவை பாடிவிட்டு உடனே வேறொரு பறவையின் குரலுக்குத் தாவினால் அது மாக்கிங்பேர்ட். கரோலைனா ரென் என்ற குட்டிப் பறவையின் உரத்த பாட்டும் தொடக்கத்தில் குழப்பும், அது உருண்டோடும், கார்டினல் மாதிரி வழுக்கி இறங்காது.

எங்கே, எப்போது என்ற கேள்விக்கு வருகிறேன். நேரம் முதலில்: விடிவதற்குச் சற்று முன்னாலும், பொழுது சாய்ந்து விளக்கு போடும் நேரத்திலும். ஃபீடருக்கு முதலில் வருவதும் கடைசியில் போவதும் கார்டினல்தான், மற்ற நேரத்தில் வராது என்றில்லை, ஆனால் காலை பத்து மணிக்குக் காபியோடு ஜன்னலில் நின்று "வரவே இல்லை" என்றால் அது ஏற்கெனவே வந்து சாப்பிட்டுப் போயிருக்கும். இடம்: அடர்ந்த காட்டின் நடுவும் இல்லை, வெட்ட வெளியும் இல்லை, இரண்டும் சந்திக்கும் ஓரம். முள்புதர், காட்டுத் திராட்சைக்கொடி படர்ந்த வேலி, சிடார் வரிசை, ஓடைக்கரைப் புதர். தரையில் தத்தித் தத்தி இரை தேடும், அதனால் கண்ணைக் கீழே, முழங்காலுக்கும் தலைக்கும் இடைப்பட்ட உயரத்தில் வையுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே ரூஸ்வெல்ட் பார்க் இருக்கிறது, அங்கே ஏரியோரப் புதர்களில் விடியற்காலை நடந்தாலே போதும். இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் டெலவேர் ராரிட்டன் கால்வாய்க் கரைப்பாதை, இரு பக்கமும் புதர் மண்டி நீளமாகப் போகும், கார்டினலுக்கென்றே செய்துவைத்த மாதிரி இடம். கிரேட் ஸ்வாம்ப் சரணாலயத்தின் மரப்பாதைகளும் அருமை. இலை உதிர்ந்த டிசம்பர் முதல் மார்ச் வரை போங்கள். அப்போது சிறு கூட்டங்களாகவும் சேர்ந்திருக்கும், பனிமேல் கண்ணில் படாமல் போகாது. ஏப்ரலுக்குப் பிறகு புதருக்குள் நுழைந்தால் காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டு போங்கள், வீடு திரும்பியதும் உடம்பைப் பாருங்கள், நியூஜெர்சியில் உண்ணி கடித்து லைம் நோய் வருவது சாதாரணமாக நடக்கிறது.

மற்ற ஊர்களிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிகாகோ, டெட்ராய்ட், அட்லாண்டா, டாலஸ், ஹூஸ்டன், கனடாவில் டொராண்டோ, எல்லாம் கார்டினல் ஊர்கள்தான்; இல்லினாய், இந்தியானா, கென்டக்கி, ஒஹாயோ, வட கரோலைனா, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா என்று ஏழு மாநிலங்கள் இதைத் தங்கள் மாநிலப் பறவையாக வைத்திருக்கின்றன. ஸ்கார்பரோவில் இருப்பவர்களுக்கு ரூஜ் பூங்காவே போதும். ஒரு காலத்தில் இது தெற்கத்திப் பறவை, கடந்த நூறு நூற்றைம்பது ஆண்டுகளில்தான் புறநகர்த் தோட்டங்களையும் ஃபீடர்களையும் பற்றிக்கொண்டு வடக்கே ஏறியது. ஆனால் பே ஏரியா, சியாட்டில், வான்கூவர் நண்பர்கள் பேக்யார்டில் காத்திருக்க வேண்டாம், இயற்கையில் அது அங்கே இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் மனிதர்கள் கொண்டுவந்து விட்ட சிறு கூட்டம் ஒன்று உண்டு, ஹவாயிலும் 1929இல் தொடங்கிக் கொண்டுவந்து விட்டது நிலைத்துவிட்டது. ஹவாயில் சாம்பல் உடலும் வெள்ளை வயிறும் சிவப்புத் தலையுமாக இன்னொரு 'கார்டினல்' இருக்கும், அது தென் அமெரிக்கக்காரன், டானஜர் குடும்பம், பெயர்தான் அப்படி. அரிசோனாவில் டூசான் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் யோகம், உண்மையான கார்டினலும் கிடைக்கும், அதோடு பாலைவனக் கார்டினல் என்று சொல்லப்படும் பிருலாக்ஸியாவும் கிடைக்கும்: சாம்பல் உடல், நடுவே சிவப்புத் தீற்றல், கிளி மூக்கு மாதிரி வளைந்த மஞ்சள் அலகு. அங்கேயும் அலகுதான் தீர்ப்பு சொல்லும்.

சரி, வீட்டுக்கு வரவைப்பது. நீங்கள் அனுப்பிய படத்தில் உங்கள் ஃபீடரைப் பார்த்தேன், குழாய் மாதிரி, குட்டிக் குட்டிக் கம்பிகளோடு. ஃபின்ச்சுக்கு அது சொர்க்கம், கார்டினலுக்கு உட்காரவே இடமில்லை. அது உடம்பைத் திருப்பாமல் நேராகப் பார்த்துச் சாப்பிட விரும்பும் பறவை, தட்டு வடிவ ஃபீடரோ, விதை தானாக இறங்கி இரு பக்கமும் அகலமான விளிம்பு உள்ள பெட்டி ஃபீடரோ மாட்டுங்கள். விதை: கறுப்பு எண்ணெய்ச் சூரியகாந்தி. அதோடு குசும்பா விதை, கடையில் சாஃப்ளவர் என்று இருக்கும், அதைக் கார்டினல் விரும்பிச் சாப்பிடும், அணிலும் கிராக்கிள் பறவைகளும் பெரும்பாலும் தொடாது. மலிவான கலப்பு விதை மூட்டை வாங்காதீர்கள், அதில் பாதி யாரும் தின்னாத தானியம், தரையில் கொட்டி முளைக்கும். காக்கைக்கு வைக்கிற பழக்கத்தில் சோறு வைக்கவும் வேண்டாம். நம் வழக்கத்தை மதிக்கிறேன், ஆனால் இங்கே அது எலியையும் ரக்கூனையும்தான் கூட்டிவரும், கார்டினல் சீண்டாது.

இடம்தான் விதையைவிட முக்கியம். திறந்த புல்வெளியின் நடுவே கம்பம் நட்டு மாட்டினால் வராது, கூப்பர்ஸ் ஹாக் மாதிரி வல்லூறு எந்த நேரமும் பாயும் என்று அதற்குத் தெரியும். ஒரு புதரிலிருந்தோ சிடாரிலிருந்தோ மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள், ஓடி ஒளிய இடம் கிட்டே இருக்கும், பூனை பதுங்கிப் பாயும் அளவுக்குக் கிட்டே இருக்காது. ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைக்கலாம், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால். இடைப்பட்ட தூரத்தில் வைத்தால் வேகமாகக் கிளம்பிக் கண்ணாடியில் மோதிச் சாகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபீடரைக் கழுவிக் காயவையுங்கள், அழுக்கு ஃபீடரில்தான் ஹவுஸ் ஃபின்ச்சுக்கு வரும் கண்நோய் பரவுகிறது. குளிர்காலத்தில் தண்ணீர் உறையாமல் இருக்கச் சூடேற்றும் தொட்டி ஒன்று வைத்தால் விதையைவிட அது இழுக்கும். மாநிலத்தின் வடமேற்கில் கரடி நடமாடும் ஊருக்கு வீடு மாற்றினால் மட்டும், கரடி உறங்கும் மாதங்களைத் தவிர ஃபீடரை எடுத்துவிட வேண்டும்.

மார்ச் பிறந்ததும் சில காட்சிகள் பார்ப்பீர்கள். ஆண் ஒரு விதையை உரித்துத் தத்திப் போய்ப் பெண்ணின் அலகில் வைக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் முத்தம் மாதிரி இருக்கும், ஜோடி கூடு கட்டத் தயாராகிறது என்று அர்த்தம். இன்னொன்று, உங்கள் கார் கண்ணாடியையோ ஜன்னலையோ ஆண் வந்து கொத்து கொத்து என்று கொத்தும். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை எல்லைக்குள் நுழைந்த எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது, வாரக்கணக்கில் விடாமல் போடும், அதன் தெம்பெல்லாம் அதிலேயே போய்விடும், தயவுசெய்து கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துணியாலோ தாளாலோ மூடிவிடுங்கள், உள்ளே திரை போட்டால் பலனில்லை. ஆகஸ்டில் தலை மொட்டையாகக் கறுப்புத் தோல் தெரிய ஒரு கார்டினல் வந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் தலை இறகுகள் ஒரே நேரத்தில் உதிர்ந்ததுதான், சில வாரத்தில் முளைத்துவிடும். உதிர்ந்த சிவப்பு இறகு புல்லில் கிடந்தால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள், 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி அதை எடுத்து வைத்துக்கொள்வதே குற்றம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாட்டுக்காகவும் நிறத்துக்காகவும் ஆயிரக்கணக்கில் பிடித்துக் கூண்டில் விற்றார்கள், அந்த வியாபாரத்தை நிறுத்தியதில் இந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கடைசியாக, உங்கள் பின்வேலியில் கத்தரித்துச் சீராக வைத்திருக்கும் அந்தப் புதர்வரிசை. கார்டினல் கூடு பெட்டிக்குள் கட்டாது, கடையில் கார்டினல் வீடு என்று எதை விற்றாலும் வாங்காதீர்கள். ஒரு மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் உயரத்துக்குள், அடர்ந்த கிளைக் கவட்டில், பெண் பறவை குச்சியும் இலையும் திராட்சைக்கொடிப் பட்டையும் புல்லுமாகக் கிண்ணம் போலக் கட்டும். பெரும்பாலும் மூன்று முட்டை, அடைகாப்பது 11 முதல் 13 நாள், குஞ்சுகள் பத்து நாள் வாக்கில் கூட்டை விட்டு இறங்கிவிடும், பறக்கக்கூடத் தெரியாமல் புதருக்குள் தத்திக்கொண்டிருக்கும், அதைத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, பெற்றோர் பக்கத்திலேயே இருப்பார்கள். ஒரு கோடையில் இரண்டு தடவையாவது குஞ்சு பொரிக்கும், ஆகஸ்ட் வரைகூட நீளும். அதனால் புல் வெட்ட வருபவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள், ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அந்த வேலியில் கத்தரி வைக்க வேண்டாம் என்று. கொஞ்சம் அடர்ந்து ஒழுங்கில்லாமல்தான் வளரும், அக்கம்பக்கத்தார் ஏதாவது சொன்னால் கூட்டைக் காட்டுங்கள், தூரத்தில் நின்று.